டேங்க்குக்கு எந்தப் பஞ்சு போடலாம்?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சிகரெட்டை விட்டு வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு வந்தவர். எல்லாம் கம்பெனியே அடைத்துத் தரும் பாட் வகை அலுத்துப்போய், காயிலும் (சூடாகும் கம்பிச் சுருள்) பஞ்சும் நாமே மாட்டிக்கொள்ளும் டேங்க் (ஜூஸ் நிரப்பும் தொட்டி) ஒன்று வாங்கியிருக்கிறார். உள்விட்டம் 3 மி.மீ. உள்ள காயில் இரண்டு, 70/30 ஜூஸ் (கிளிசரின் 70 சதவீதம், பிஜி என்கிற புரொப்பிலீன் கிளைக்கால் 30), மாம்பழ வாசனை. பஞ்சு மாற்றிய மூன்றாம் நாளே கருகல் வாடை. கடையில் கேட்டால் விலை கூடிய பாக்கெட்டை எடுத்து நீட்டுகிறார்களாம். "ஃபார்மசிப் பஞ்சு போதாதா? அம்மா விளக்குக்குத் திரி திரிக்கிற பஞ்சு வீட்டில் கிடக்கிறது, அதைப் போட்டால் என்ன? பஞ்சே வேண்டாம், எவர்சில்வர் வலை போடு என்கிறான் கூட்டாளி. எதை நம்புவது, அண்ணே?" இதுதான் கேள்வி.

தம்பி, சுத்தமான, நன்றாக உறிஞ்சுகிற பருத்திப் பஞ்சு எதுவாக இருந்தாலும் உங்கள் டேங்க்குக்குப் போதும். அந்தத் தரத்தைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் பாக்கெட்டின் பெயரால் வரும் வித்தியாசம் கொஞ்சம்தான். எவ்வளவு பஞ்சு திணிக்கிறீர்கள், அதன் வால் (காயிலுக்கு வெளியே நீளும் முனை) எங்கே போய் உட்காருகிறது என்பதால் வரும் வித்தியாசம்தான் பெரிது. உங்களுக்கு வரும் கருகலோ பஞ்சின் விலையாலும் வந்ததில்லை, திணிப்பாலும் வந்ததில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பஞ்சு அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

காயில் சூடானதும் அதை ஒட்டியிருக்கும் ஜூஸ் ஆவியாகிறது. ஆவியான இடத்துக்குப் பின்னாலிருந்து புது ஜூஸ் வர வேண்டும். நூலிழைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய சந்துகள் வழியாக அது தானே ஏறி வருகிறது. அம்மா ஏற்றுகிற அகல் விளக்கில் எண்ணெய் ஏறுவதும் இதே தந்துகிக் கவர்ச்சியால்தான். எண்ணெய் இருக்கும் வரை திரி மெதுவாகத்தான் கருகும். எண்ணெய் வற்றிய பிறகு பாருங்கள், திரியே எரிந்து சாம்பலாகும்.

ஜூஸில் இருக்கும் பிஜி 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், விஜி என்கிற கிளிசரின் 290 டிகிரியில். இரண்டும் கலந்தது இடையில் ஏதோ ஓரிடத்தில் ஆவியாகும். கொதிக்கிற திரவம் பஞ்சை நனைத்துக்கொண்டே இருந்தால் சூடு அதற்கு மேல் ஏற முடியாது. ஜூஸ் வந்து சேரக் கொஞ்சம் தாமதமானால் போதும், வெப்பம் ஒரே தாவாகத் தாவிவிடும். பருத்தி 250 டிகிரி வாக்கில் பழுப்பேறத் தொடங்கும், 300-ஐத் தாண்டினால் வேகமாகச் சிதையும். கூடவே கிளிசரினும் சிதைந்து அக்ரோலின் ஆகும். அடுப்பில் எண்ணெய் தீய்ந்தால் கண்ணும் தொண்டையும் எரிகிறதே, அதற்கு முக்கியக் காரணம் இந்த அக்ரோலின்தான். ஃபார்மால்டிஹைடும் அப்போதுதான் கூடுதலாக வரும். அதனால் டிரை ஹிட், அதாவது காய்ந்த பஞ்சின் கருகல் இழுப்பு, வந்தால் "சரி, இன்னும் ஒரு இழுப்பு பார்ப்போம்" என்று இழுக்காதீர்கள். அங்கேயே நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றுங்கள்.

ஆக, நமக்கு வேண்டிய பஞ்சுக்கு மூன்று குணம் இருக்க வேண்டும்: ஜூஸை வேகமாக இழுக்க வேண்டும், சூட்டைத் தாங்க வேண்டும், தன் வாசனையை ஜூஸில் கலக்கக் கூடாது.

செடியிலிருந்து பறித்த பருத்தி தண்ணீரில் மிதக்கும். ஒவ்வொரு இழையின் மேலும் மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு, அது தண்ணீரை ஒட்டவிடாது. ஆலையில் காஸ்டிக் சோடா கரைசலில் வேகவைத்து அந்த மெழுகையும் பெக்டினையும் நீக்குவார்கள். பிறகு பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுப்பார்கள். மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் செல்லுலோஸ். மருத்துவமனையில் காயத்துக்குப் பயன்படுத்தும் உறிஞ்சும் பஞ்சு இதுதான். ஐரோப்பிய மருந்துத் தர நூலில் இதற்கு அளவே வைத்திருக்கிறார்கள்: தண்ணீரில் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும், ஒரு கிராம் பஞ்சு குறைந்தது 23 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

இந்த மூழ்கும் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, பஞ்சில் ஒரு சிட்டிகை கிள்ளி, அழுத்தாமல் மேலே போடுங்கள். சட்டென்று நனைந்து இறங்கினால் நல்ல பஞ்சு. மிதந்துகொண்டே இருந்தால் மெழுகு இருக்கிறது அல்லது பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. எது என்று பார்க்க இன்னொரு துணுக்கை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும், தொட்டால் உதிரும் சாம்பல் மிஞ்சும். உருகிச் சுருண்டு கடினமான மணியாக உறைந்தால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது. அதை மறந்தும் காயிலில் போடாதீர்கள்.

இப்போது ஃபார்மசிக்கு வருவோம். வாட்சன்ஸ், கார்டியன் போன்ற கடைகளில் பஞ்சு பல உருவத்தில் கிடக்கும். உருண்டைப் பஞ்சு, முகத்துக்கான வட்டத் தட்டு, சதுரத் தட்டு, நீலக் காகிதத்தில் சுருட்டிய மருத்துவப் பஞ்சு என்று. உருண்டையை விட்டுவிடுங்கள். இழைகள் எல்லாத் திசையிலும் சிக்கிக் கிடக்கும், காயிலுக்குள் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போய் உட்காரும். முகத் தட்டுகளில் ஓரம் தைத்ததும், பூ அச்சு குத்தியதும், கிரீம் தடவியதும் உண்டு. அதெல்லாம் வேண்டாம். பாக்கெட்டின் பின்பக்கம் நூறு சதவீதம் பருத்தி என்று எழுதியிருக்க வேண்டும். சுருட்டிய மருத்துவப் பஞ்சு தாராளமாக உதவும். நீளவாக்கில் பிய்க்க வருவதும் ஒரு வசதி.

இன்னொரு சின்ன வேலையும் செய்யலாம். கடைகளில் கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு இருக்கும். அதன் கீழே பஞ்சைப் பிடித்தால் மருத்துவத் தரப் பஞ்சு லேசாக ஊதாவும் பழுப்புமாகத் தெரியும். பளீரென்று நீலமாக மின்னினால் துணிக்கு வெள்ளை கூட்டும் சாயம் அதில் இருக்கிறது என்று அர்த்தம். சூடாக்கிச் சுவாசிக்கப்போகிற பொருளில் அது எதற்கு?

வெளுக்காத பஞ்சு நல்லது, ஆர்கானிக் என்றால் இன்னும் நல்லது என்று ஒரு பேச்சு ஓடும். ஆர்கானிக் என்பது செடியை எப்படி வளர்த்தார்கள் என்பதைச் சொல்கிறது. ஆலையில் எவ்வளவு சுத்தம் செய்தார்கள் என்பதை அது சொல்லாது. வெளுக்காத பஞ்சில் அங்கங்கே பழுப்பாக விதைத்தோல் துணுக்கு தெரியும், முதல் சில இழுப்புக்குச் சணல் மாதிரி ஒரு மணமும் இருக்கும். சிலருக்கு அது பிடிக்காது. பஞ்சைக் கொதிக்கவைத்துக் காயப்போடும் வழக்கமும் அதிலிருந்து வந்ததுதான். வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்தால் மெழுகு கொஞ்சம் போகும், முழுதும் போகாது. ஏற்கெனவே ஆலையில் வெந்து வந்த பஞ்சைத் திரும்ப வேகவைப்பதில் எந்த லாபமும் இல்லை. கலைந்து இழைத் திசை கெடுவதுதான் மிச்சம்.

அம்மாவின் விளக்குப் பஞ்சு எது என்று பார்க்க வேண்டும். பருத்தியை வாங்கி வீட்டில் திரிப்பவர் என்றால் மூழ்கும் சோதனை, தீச் சோதனை இரண்டும் செய்து பார்க்கலாம். ஆனாலும் நான் போடமாட்டேன். விளக்குக்கு எண்ணெய் ஏறினால் போதும் என்று விற்கிற சரக்கு அது, மூச்சுக்குள் போகும் என்று யாரும் நினைத்துச் சுத்தம் செய்திருக்க மாட்டார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் பூஜைக் கடைகளில் பாக்கெட்டில் வரும் ரெடிமேட் திரி, நெய்யில் தோய்த்தது, கற்பூரம் சேர்த்தது, சாயம் போட்ட பஞ்சுத் திரி, தாமரைத்தண்டுத் திரி, இவை எதுவும் பக்கத்திலேயே வரக்கூடாது. தலையணைக்குள் இருக்கும் இலவம் பஞ்சு, மலாய்க்காரர்கள் கெக்காபு என்பார்களே, அது அறவே ஆகாது. அதன் இழை உள்ளே காலியான குழாய், மேலே மெழுகு. தண்ணீரில் மிதப்பதால்தான் ஒரு காலத்தில் கப்பல் உயிர்காப்புச் சட்டைக்குள் அதை அடைத்தார்கள். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிரான குணம்.

வேப் கடையில் விற்கும் பிராண்ட் பஞ்சுகளைப் பற்றி: அமெரிக்காவிலிருந்து வரும் காட்டன் பேகன், ஜப்பான் சதுரத் தட்டுகள், ஷூ லேஸ் மாதிரி இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் குப்பி போட்ட துண்டுகள், இவைதான் அதிகம் புழங்குபவை. இவற்றில் காசுக்கு என்ன கிடைக்கிறது என்றால், இழை நீளமாக ஒரே திசையில் சீவப்பட்டிருக்கும், அடர்த்தி பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறாது. லேஸ் வகையைப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வேன். 3 மி.மீ. காயிலுக்கு என்று அளவு போட்டு வருவதால் எவ்வளவு திணிப்பது என்ற குழப்பம் பாதி தீரும். கை பழகிய பிறகு ஜப்பான் தட்டோ மருத்துவப் பஞ்சோ வாங்கி நீங்களே கிழித்துக்கொள்ளலாம். ஒரு பாக்கெட் மாதக்கணக்கில் வரும். சுவை சீக்கிரம் வரும், வாடையே இருக்காது என்று பாக்கெட்டில் எழுதியிருப்பதெல்லாம் முதல் அரை டேங்க்குக்குள் தெரிகிற வித்தியாசம்தான். அதன் பிறகு கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ரேயான் என்று ஒன்று உண்டு. மரக்கூழைக் கரைத்துத் திரும்ப இழையாக இழுத்தது, அதுவும் செல்லுலோஸ்தான். சலூனில் முடி சுருட்டும்போது நெற்றியைச் சுற்றிக் கட்டும் நீள வடம் சில வகை இதனால் ஆனது, வேப்காரர்கள் அங்கிருந்துதான் பிடித்தார்கள். ஜூஸை வேகமாக இழுக்கும், கெட்டியான ஜூஸிலும் தாக்குப்பிடிக்கும், சுவையைச் சீக்கிரம் காட்டும். ஆனால் நனைந்ததும் தொய்ந்து ஒடுங்கும். பருத்தியைப் போல அளவாகப் போட்டால் காயிலுக்குள் இடைவெளி விழுந்து அந்த இடம் கருகும். காயில் வளையுமோ என்று பயப்படும் அளவுக்கு இறுக்கமாகப் போட வேண்டும், வாலை நன்றாக மெலிய வைக்க வேண்டும். பருத்தியில் கை தேறிய பிறகு முயற்சி செய்து பாருங்கள். இப்போதே போனால் இரண்டு பழக்கமும் கெடும்.

எவர்சில்வர் வலைக்கு வருகிறேன். உங்கள் கூட்டாளி சொல்வது பொய்யில்லை, பழைய கதை. பருத்தி பரவுவதற்கு முன்னால், 2012, 2013 வரைக்கும், பெரும்பாலான காயில்களில் சிலிகா என்கிற கண்ணாடி நூல்தான் திரி. கையால் மாட்டிக்கொள்கிறவர்களில் ஒரு கூட்டம் அடியில் ஜூஸ் தொட்டியும் மேலே காயிலும் இருக்கும் ஜெனிசிஸ் வகை அடமைசரில் (ஜூஸை ஆவியாக்கும் பகுதி) 400 மெஷ், 500 மெஷ் வலையைச் சுருட்டிச் சொருகினார்கள். வலையை டார்ச் நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, ஜூஸ் தடவி எரித்து, மேலே ஆக்சைடு படலம் ஏற்ற வேண்டும். அந்தப் படலம்தான் காயிலையும் வலையையும் மின்சாரம் தாவாமல் பிரித்துவைக்கும். எங்காவது படலம் உரிந்தால் அந்தப் புள்ளியில் ஷார்ட் ஆகும், ஒரு சுற்று மட்டும் செக்கச்செவேலென்று எரியும். பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத மெக்கானிக்கல் மோடில் (பேட்டரி இருக்கும் கருவி) இது பேட்டரிக்கே ஆபத்து. போதாததற்கு வலையில் கெட்டி ஜூஸ் ஏறாது. பிஜி அதிகமான தண்ணீர் ஜூஸ் காலத்துக்கு அது சரி. உங்கள் 70/30க்கு வேலை செய்யாது, உங்கள் டேங்க்கில் அதற்கு இடமும் கிடையாது.

இதில் ஒரு குழப்பம் வரலாம். இப்போது மெஷ் டேங்க் என்று விற்பது வேறு. அதில் வலை காயிலாகத்தான் வேலை செய்கிறது, திரியாக இல்லை. ஓட்டை போட்ட தகட்டுக்குக் கீழே தடித்த பஞ்சுப் பட்டை படுத்திருக்கும். வோட்டோஃபோ புரொஃபைல் மாதிரி சிலவற்றில் ஸ்பிரிங் வைத்த செராமிக் கட்டை ஒன்று பஞ்சை மேலே தள்ளித் தகட்டோடு ஒட்டவைக்கும். அதற்கும் பருத்திதான்.

சிலிகா நூல் சூட்டுக்கு அசையாது, சுட்டுச் சுத்தம் செய்யலாம். ஜூஸை மெதுவாக இழுக்கும், சுட்டுச் சுட்டு நொறுங்கும். நொறுங்கின கண்ணாடி இழை நுரையீரலுக்குள் போவதை நான் விரும்பமாட்டேன். செராமிக் திரி கம்பெனி பாட்களில் நன்றாக ஓடுகிறது, கையால் மாட்டும் டெக்கில் (காயில் உட்காரும் தளம்) அதற்கு வேலை குறைவு. மூங்கில் பஞ்சு என்று விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து எடுத்த ரேயான். சணல் வகைப் பஞ்சுக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள், புல் வாசனை போகச் சில டேங்க் பிடிக்கும். அவ்வளவுதான்.

இனி திணிப்பு. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

சதுரத் தட்டு என்றால் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்த தோல் இருக்கும், அதை உரித்துவிடுங்கள். இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்று மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் இழுத்தால் நீளும், மறு திசையில் பிய்யும். நீளுகிற திசையிலேயே சுமார் 1 செ.மீ. அகலத்துக்குக் கிழியுங்கள். இது தொடங்குவதற்கான கணக்கு மட்டும், தட்டின் தடிமனைப் பொறுத்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஒரு முனையை மட்டும் விரலில் முறுக்கிக் காயிலுக்குள் விட்டு மறுபக்கம் இழுங்கள். முழுத் துண்டையும் கயிறு மாதிரி முறுக்கிவிடாதீர்கள், முறுக்கினால் சந்துகள் அடைபடும். இழுக்கும்போது பஞ்சு காயிலின் உள்சுவரை உரசிக்கொண்டு வர வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டினால் காயில் லேசாக அசைய வேண்டும், ஆனால் உருவம் மாறக்கூடாது. வழுக்கிக்கொண்டு ஓடினால் போதாது. காயிலே சாய்ந்தால் அதிகம்.

இதைவிட முக்கியம் வால். வாலை டெக்கின் வெளி விளிம்பு வரை நீட்டி அங்கே வெட்டுங்கள். பிறகு ஊசியோ இடுக்கியின் முனையோ வைத்துச் சீவி, மூன்றில் ஒரு பங்கு இழையாவது உதிர்ந்து போகும்படி மெலிய வையுங்கள். ஜூஸ் நனைத்த பின் அதை வாய்க்காலுக்குள் (டேங்க்கிலிருந்து ஜூஸ் ஏறி வரும் துளை) இறக்குங்கள். வாய்க்காலை முழுதும் மூட வேண்டும், ஆனால் அடைக்கக் கூடாது. உள்ளே தள்ளிக் குத்தி நிரப்பினால் ஜூஸ் மேலே வராது, டிரை ஹிட். ஓரத்தில் வெளிச்சம் தெரியும்படி இடைவெளி விட்டால் ஜூஸ் தாராளமாக உள்ளே கொட்டும், இழுக்கும்போது களகளவென்று சத்தம் வரும், பிறகு காற்றுத் துளை வழியே ஒழுகும். டேங்க் இல்லாமல் மேலே ஜூஸ் சொட்டுவிட்டு இழுக்கும் டிரிப்பர் என்றால் இவ்வளவு கவலை இல்லை, வால் ஜூஸ் தேங்கும் கிணற்றின் அடியைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் போதும்.

மூடுவதற்கு முன்னால் குறைந்த வாட்டில், 25, 30 வைத்து, சிறு சிறு அழுத்தமாகக் காயிலைச் சூடாக்கிப் பஞ்சைக் கவனியுங்கள். நனைந்த பஞ்சு பளபளப்பாக இருக்கும். பளபளப்பு மறைந்து சாம்பல் வெள்ளையாக மங்கும் இடம்தான் ஜூஸ் வந்து சேராத இடம். டேங்க் பூட்டிய பிறகும் ஒரு அடையாளம் உண்டு. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் கண்ணாடிக்குள் ஒன்றிரண்டு குமிழி மேலே கிளம்ப வேண்டும். ஜூஸ் உள்ளே போன இடத்துக்குக் காற்று வருகிறது என்று பொருள். நாலைந்து இழுப்பு இழுத்தும் குமிழியே இல்லை என்றால் வால் அடைத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் மூன்றாம் நாள் கருகல். திணிப்பில் கோளாறு இருந்தால் முதல் நாளே, பெரும்பாலும் முதல் டேங்க்கிலேயே தெரிந்துவிடும். மூன்றாம் நாள் வருகிறது என்றால் என் சந்தேகம் ஜூஸின் இனிப்பு மேல். நம் ஊர் ஜூஸ் தித்திப்புக்குப் பேர்போனது. மாம்பழம், லிச்சி, பாண்டான் என்று எதை எடுத்தாலும் சுக்ரலோஸ் தாராளமாக விழுந்திருக்கும். அது ஆவியாகாது. காயிலில் படிந்து கரும்பிசினாகும், அந்தப் பிசின் பஞ்சுக்குள் இறங்கி சந்துகளை அடைக்கும். பிறகு நல்ல பஞ்சும் ஜூஸ் இழுக்காது. எவ்வளவு விலைப் பஞ்சு போட்டாலும் இதே கதைதான்.

ஊகத்தில் விட வேண்டாம், அடுத்த முறை பஞ்சை எடுக்கும்போது வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். இரண்டு காயிலிலும் நடுப்பகுதி மட்டும் ஒரே மாதிரி கருத்து, வால் மஞ்சளாக ஈரத்தோடு இருந்தால் இனிப்புதான். ஒரு காயிலின் பஞ்சு மட்டும், அதுவும் ஒரு பக்கம் மட்டும் பழுப்பாக உலர்ந்திருந்தால் அந்தப் பக்கத்து வால் அடைப்பு. ஊசி சுட்டது போல ஒரே புள்ளியில் ஓட்டை விழுந்திருந்தால் பஞ்சை விடுங்கள், காயிலில் ஒரு சுற்று மட்டும் அதிகம் சூடாகிறது. இனிப்புதான் காரணம் என்றால் இரண்டு வழி: ஜூஸை மாற்றுங்கள், அல்லது இரண்டு நாளைக்கு ஒருமுறை பஞ்சை மாற்றும் வழக்கத்துக்கு வாருங்கள். இரண்டாவதற்குத்தான் மலிவான மருத்துவப் பஞ்சு கைகொடுக்கும்.

கோலாலம்பூர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சுத்தமான கிளிசரின் 20 டிகிரியில் இருக்கும் கெட்டி 30 டிகிரியில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஐரோப்பாக்காரர் காட்டும் அளவில் வாலை மெலிய வைத்துவிட்டு, மத்தியானம் மஸ்ஜித் இந்தியா பக்கம் காரை வெயிலில் நிறுத்தி, டேங்க்கை உள்ளேயே விட்டுப் போனால், திரும்பி வரும்போது கப் ஹோல்டரில் ஜூஸ் குளம் கட்டியிருக்கும். அதே டேங்க் குளிரூட்டிய சினிமா ஹாலிலிருந்து வெளியே வந்து இழுத்தால் பஞ்சு காய்ந்தாற்போல இருக்கும். வீடும் ஆபீசும் ஏர்கானில் என்றால் வால் மெலிதாக, வெளியில் சுற்றும் வேலை என்றால் கொஞ்சம் தடிப்பாக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கெந்திங் மலை ஏறும்போது ஒழுகுவது தனி விஷயம். மேலே சுமார் 1,800 மீட்டர். காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டேங்க்கில் மாட்டிக்கொண்ட காற்று ஏற ஏற விரியும், விரிந்து ஜூஸைப் பஞ்சு வழியாக வெளியே தள்ளும். அதற்குப் பஞ்சைக் குறை சொல்லிப் பயனில்லை. டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள், உள்ளே காற்று குறைவாக இருந்தால் தள்ளுவதும் குறைவு. ஜூஸ் வரும் வாயை மூடும் வசதி இருந்தால், மலை ஏறுவதற்கு முன்பே கோம்பாக்கில் மூடிவிடுங்கள்.

பஞ்சை வைக்கும் இடமும் முக்கியம். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தையும் வாசனையையும் பிடித்துக்கொள்ளும். ஜிப் பையில் போட்டு அலமாரியில் வையுங்கள். சமையலறையிலோ சாமி மேடைக்குப் பக்கத்திலோ திறந்து வைத்தால் சம்பலும் ஊதுவத்தியும் மாம்பழத்தோடு சேர்ந்து வரும்.

இரண்டு வார்த்தை, கேட்காவிட்டாலும். இதெல்லாம் ஏற்கெனவே புகைத்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சொல்வது. புகைக்காதவர் இதைப் படித்து ஆசைப்பட்டுத் தொடங்கினால் நிகோடின் அடிமைத்தனம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியதுதான் மிச்சம், நுரையீரலுக்கும் நல்லதில்லை. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் மலேசியப் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 852-இன்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்கக் கூடாது. மாமாக் கடையில் உட்கார்ந்து ஊதுவதும் குற்றம்.

கடைசியாகக் காயில். பஞ்சு மாற்றும்போதெல்லாம் காயிலைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பழைய பஞ்சை உருவிவிட்டு, குறைந்த வாட்டில் மங்கலான சிவப்பு வரும் வரை மட்டும் சூடாக்கி, ஆறவிட்டு, பல்துலக்கும் பழைய பிரஷ்ஷில் பிசினைத் தேய்த்து எடுங்கள். கந்தால், நிக்ரோம், எஸ்எஸ் 316 கம்பிகளுக்கு இது சரி. நிக்கல் 200, டைட்டானியம் என்றால் சூடாக்கவே கூடாது, வெறும் வெந்நீரில் ஊறவைத்துத் தேயுங்கள். வெள்ளையாக எரியும் வரை சுடுவதும், பழுத்த காயிலைத் தண்ணீரில் முக்குவதும் கம்பியைக் கெடுக்கும். நாலைந்து முறை பஞ்சு மாற்றிய பிறகும் பிசின் போகவில்லை, காயிலின் மின்தடை காட்டும் ஓம் அளவு முன்னே பின்னே ஓடுகிறது என்றால் புதுக் காயில் சுற்றுங்கள். அப்போது 3 மி.மீ. காயிலை 2.5 ஆக மாற்றிப் பார்க்கலாமா என்று உங்களுக்குத் தோன்றும். மாற்றினால் பஞ்சுத் துண்டின் அகலத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள், பழைய அளவையே திணித்தால் முதல் இழுப்பிலேயே தெரிந்துவிடும்.